கடாரத்து மலையடியில் ஒரு நாள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "எங்கேப்பா கூட்டிட்டுப் போறீங்க?" பிள்ளைகள் கேட்பார்கள். அப்பாவும் யோசித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர்மலை என்பார், கொடிமலை என்பார், கொஞ்சம் கையில் காசு இருந்தால் கேமரன் மலை என்பார். போய் வருவோம். படம் எடுத்துக்கொள்வோம். அதோடு சரி. நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. கொடிமலை ரயிலில் ஏறிப் போகும்போது எனக்கும் இந்த வயதில் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு உண்டாகத்தான் செய்கிறது.

ஆனால் ஒன்று கேட்டிருக்கிறேன். ஜெர்மனி தேசத்துப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு நாளை 'நடைநாள்' என்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். அன்றைக்குப் புத்தகப் பை கிடையாது. ஆசிரியர் முன்னே நடக்க, பிள்ளைகள் பின்னே நடப்பார்கள். பக்கத்து மலை, காடு, மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டை என்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். வெகுதூரம் போவதில்லை. சொந்த ஊர்ப் பக்கத்தில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு ஆசை. பைராம் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மலையடிக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்த மலைக்குப் பெயர் ஜெராய். அதன் அடிவாரத்திற்குப் பெயர் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் அந்த நாட்டை அழைத்த பெயர் கடாரம்.

வாருங்கள், இந்த மலரின் பக்கங்களிலேயே முதலில் ஒருமுறை போய் வருவோம். பிறகு வேன் பிடிக்கலாம்.

புறப்படுவதற்கு முன் நம் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் பாருங்கள். பினாங்குத் தீவைப் பிரான்சிஸ் லைட் 1786 இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்றான். எதிர்க்கரையாகிய செபராங் பிறைக் கரையோரம் 1800 இல் கம்பெனியிடம் போயிற்று. கம்பெனிக்காரர்கள் தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு முன்பு இந்தக் கரை கெடாவைச் சேர்ந்தது. ஆகவே நாம் கெடாவைப் பார்க்கப் போகிறோம் என்பதைவிட, பழைய வீட்டின் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாகாணத்தில் முதலில் கரும்பு போட்டார்கள். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கரும்புக்காகத் தமிழ்க் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இதெல்லாம் உங்கள் தாத்தா பாட்டி சொல்லி நீங்கள் அறிந்த கதைதான். நம்மைக் கேட்டால் நம் சரித்திரம் அங்கே, அந்தக் கப்பலில்தான் தொடங்குகிறது என்போம். "கூலியா வந்தோம், கூலியா இருந்தோம்" என்று என் பாட்டி சொல்லும். அதற்கு முன்னே இந்தக் கடலில் என்ன நடந்தது என்று பாட்டியிடம் யாரும் சொன்னதில்லை.

சரி, வேனில் ஏறுங்கள். வடக்கே போகிறோம்.

முதலில் புக்கிட் மெர்தாஜாமில் கொஞ்சம் நிற்போம். செயிண்ட் ஆன் தேவாலயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூலை மாதத் திருவிழாவுக்கு மதபேதம் பாராமல் நம் தோட்டத்துச் சனங்கள் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறவர்கள்தானே! அந்த வளாகத்திலேயே ஒரு பெரிய பாறை கிடக்கிறது. செரோக் தொக்குன் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அதை 1845 இல் வெளியுலகுக்குச் சொன்னவர் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில இராணுவ அதிகாரி. பாறைமேல் மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சிய பழைய எழுத்துக்கள் இருக்கின்றன. பல்லவர் எழுத்துக்கு முந்திய வடிவம் என்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் அதன் பக்கத்தில் நின்று பலகாரம் தின்றவர்கள் நம்மில் எத்தனை பேரோ! நானும் ஒருவன். எழுத்து இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன்.

இந்த ஜேம்ஸ் லோ இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். அது 1834 இல், இதே வெல்லெஸ்லி மாகாணத்தின் வடபகுதியில். அந்தக் கல்லில் குடை குடையாக அடுக்கிய ஒரு புத்த தூபி செதுக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் வடமொழி எழுத்து. புத்தகுப்தன் என்ற ஒரு மாலுமி, செம்மண் நாட்டைச் சேர்ந்தவன், தன் கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று வைத்த கல் அது. 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு, நம் செபராங் பிறையில் ஒரு கப்பல்காரன் இறங்கி, "ஊர் போய்ச் சேரணும் சாமி" என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். அந்தச் செம்மண் நாடு வங்காளத்தில் இருந்ததா, இந்தத் தீபகற்பத்திலேயே இருந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கல் மட்டும் நம்மிடம் இல்லை. கல்கத்தா மியூசியத்தில் இருக்கிறது.

மூடா ஆற்றுக்குப் பக்கத்தில் குவார் கெப்பா என்று ஓர் இடம் உண்டு. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்து கிடந்தன. சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தார்கள். நடுவே மனித எலும்புகளும் கிடைத்தன. பல எலும்புகள் நெதர்லாந்து தேசத்து லெய்டன் நகரம் வரை போயின. 2017 இல் அங்கே ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தபோது பத்திரிகைகள் 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டு எழுதின. சிப்பி மேட்டில் பெரும்பகுதி என்ன ஆயிற்று என்றால், வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பாகிவிட்டது. அந்த லெய்டன் நகரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் வருகிறது.

மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் நோக்கிப் போகும்போது, மேகம் இல்லாத நாளாக இருந்தால் அந்த மலை எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். 1200 மீட்டருக்குச் சற்று அதிக உயரம். உலகத்து மலைகளோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு பிள்ளை. ஆனால் சுற்றிலும் தட்டையான வயல்வெளி, ஒருபக்கம் கடல். தன்னந்தனியாக நிற்பதனால் அதன் உயரம் இரட்டிப்பாகத் தெரிகிறது. பட்டர்வொர்த் கடற்கரையில் நின்றாலும் நல்ல வெளிச்சத்தில் தெரியும்.

இந்த மலை ஏன் முக்கியம் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். திசைகாட்டி இல்லாத காலம். வங்கக் கடலைக் குறுக்கே கடந்து வருகிறான் ஒரு மாலுமி. கடலில் வாரக்கணக்காகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்போது தூரத்தில் நீலமாக ஒரு முனை தெரிகிறது. "கரை வந்தாச்சு!" அந்த முனைதான் ஜெராய். மலை அடையாளம், மலையடியில் மெர்போக் ஆற்றின் முகத்துவாரம், உள்ளே புகுந்தால் அலை அடிக்காத நல்ல துறை, குடிக்க மலைத் தண்ணீர். இதற்கு மேல் கப்பல்காரனுக்கு என்ன வேண்டும்? தென்மேற்குப் பருவக்காற்று அவனை இங்கே கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால்தான் ஊர் திரும்பலாம். நடுவில் உள்ள மாதங்களில் இங்கேயே தங்க வேண்டும். தங்குகிறவனுக்குச் சோறு வேண்டும், கூரை வேண்டும், கும்பிட ஒரு இடம் வேண்டும். ஊர் இப்படித்தான் உண்டாகிறது. தோட்டம் திறந்ததும் லயம் கட்டினார்கள். லயம் கட்டின மறுவருசமே மாரியம்மனுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள் என்ற கதையை நீங்கள் கேட்டதில்லையா? அதேதான்.

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் மியூசியம் 1980 இல் திறக்கப்பட்டது. வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய கோபுரத்தைத் தேடாதீர்கள். ஏமாந்து போவீர்கள். நான் முதன்முறை போனபோது கூட வந்த ஒரு தம்பி, "என்ன சார், வீடு கட்ட அஸ்திவாரம் போட்டு நிறுத்தின மாதிரி இருக்கு!" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. இங்கே மிஞ்சியிருப்பவை அடித்தளங்கள்தாம். சண்டி என்று மலாயில் சொல்வார்கள். பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் என்று வெவ்வேறு இடங்களில் கிடைத்தவற்றை, வயலும் வீடும் வந்து அழிக்குமுன் கல்கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் இடம் மாறவில்லை. அது புக்கிட் பத்து பஹாட் சண்டி. பத்து என்றால் கல், பஹாட் என்றால் உளி. உளிக்கல் குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மியூசியத்தின் பின்புறம் மேட்டில் ஏறினால், சின்ன ஆறு ஒன்று கல்லில் மோதிச் சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்கும். அதன் கரையில் கருங்கல்லால் கட்டிய சிவன் கோயிலின் அடித்தளம். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவருடைய மனைவியாரும் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அலைந்து சுமார் 30 இடங்களைக் குறித்தார்கள். அவர்கள் கணக்கில் இது எட்டாம் எண். பிறகு 1959, 1960 இல் அலாஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் சிதறிக் கிடந்த கல்லையெல்லாம் எடுத்து, எது எங்கே இருந்திருக்கும் என்று ஆராய்ந்து திரும்ப நிறுத்தினார். இது எப்போது கட்டியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

இங்கே அவசரப்படாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேலே உயர்ந்த சதுரமான பகுதி கருவறை நின்ற இடம், விமானம் என்பார்கள். அதற்கு முன்னே நீண்டு தாழ்ந்திருக்கும் பகுதி மண்டபம். மண்டபத்தில் வரிசையாகக் கல்தாங்கிகள் இருக்கின்றன, நடுவே குழியோடு. நான் ஒருமுறை பிள்ளைகளோடு போயிருந்தபோது ஒரு சிறுமி அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தூண் எங்க சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தூண் மரத்தால் ஆனது. கூரையும் மரமும் ஓலையும் அல்லது ஓடுமாக இருந்திருக்கும். நம் நாட்டு மழையில் அவை மக்கிவிட்டன. அதனால்தான் அஸ்திவாரம் மட்டும் நிற்கிறது. தஞ்சாவூரைப் போல மேலே வரை கல்லால் கட்டவில்லை. கருவறையும் மண்டபமும் நம் ஊர் அமைப்பு. மரத்தூணும் கூரையும் இந்த ஊர் வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கோயிலின் அடியிலிருந்து கல்பெட்டிகள் கிடைத்தன. மூடியோடு கூடிய சிறு பெட்டிகள். உள்ளே குழிகள் வெட்டி, அவற்றில் பொன், வெள்ளி, செம்பு, மணிக்கற்கள் என்று வைத்து மூடிக் கட்டடத்துக்குள் புதைத்திருந்தார்கள். வீட்டுக்கு நிலை வைக்கும்போது உங்கள் அம்மா மஞ்சள் துணியில் நவதானியமும் பொன் துணுக்கும் முடிந்து அடியில் போடச் சொல்வாரே, அந்த வழக்கத்தின் மூத்த உறவினர் இது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் எனக்குப் பிடிபடாத கடாரம், அந்தப் பெட்டியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது.

மியூசியத்துக்குள்ளே சீனத்துப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடி, பலநிற மணிகள், புத்தர் உருவம், சிவ சம்பந்தமான பொருள்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெங்காலான் என்றாலே படகுத்துறை. அங்கே கூடை கூடையாகப் பீங்கான் கிடைத்தது. ஒரு காலத்தில் சிவனையும் புத்தரையும் கும்பிட்டவர்கள் ஒரே சந்தையில் பேரம் பேசினார்கள். பிற்காலத்தில் கெடா அரசர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வணிகம் வேறு துறைகளுக்கு நகர்ந்தது. ஆற்றிலே மண் சேர்ந்தது. காடு மூடிக்கொண்டது.

இனி நம் தமிழ்க் கதைக்கு வருவோம். கடாரம் என்றவுடன் நம் மேடைகளில் ஒரே முழக்கம்தான்: "கடாரம் கொண்டான்!" இராசேந்திர சோழன் 1025 இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கினான் என்பது உண்மை. அவனுடைய மெய்க்கீர்த்தியே அதைச் சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், யானைகளையும், தோரண வாயிலையும், பெருஞ்செல்வத்தையும் கைப்பற்றியதையும் அது அடுக்குகிறது. கேட்கும்போது மீசை துடிக்கத்தான் செய்யும். ஆனால் பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இதோடு கதையை முடித்துவிடாதீர்கள். இது நடுவில் உள்ள ஒரு அத்தியாயந்தான்.

அதற்கு முன் பக்கத்தைப் புரட்டுங்கள். இராசேந்திரனின் தகப்பன் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினார். சூடாமணி விகாரம் என்று பெயர். கட்டியவர் பௌத்தர், இடம் கொடுத்தவன் சிவபக்தன். இடம் மட்டுமா? ஆனைமங்கலம் என்ற ஊரின் வரி வருமானத்தையே இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1006 இல், அந்த விகாரத்துக்கு எழுதி வைத்தான். அந்தச் செப்பேடுகளைத்தான் பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே? அதே லெய்டன் நகரத்துக்கு. நம் குவார் கெப்பா எலும்பும் ஆனைமங்கலச் செப்பேடும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்தன! ஆக, சோழனும் கடாரத்தானும் இருபது வருசத்துக்கு முன் கொண்டும் கொடுத்தும் இருந்தவர்கள். பிறகு பகை வந்தது. ஏன் வந்தது? சீனத்துக்குப் போகும் கடல்வழியில் யார் கை ஓங்குவது என்ற போட்டி என்று பெரும்பாலான ஆசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இன்னும் பின்னே போங்கள். சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்திலிருந்து வந்ததையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். சீனத் துறவி இட்சிங் 7 ஆம் நூற்றாண்டில், இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கித்தான் கப்பல் மாறினார். இங்கிருந்து வடக்கே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாப்பாவில் 9 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது குளம் வெட்டியதையும், அதை மணிக்கிராமத்து வணிகரின் காவலில் விட்டதையும் சொல்கிறது. எதிரே சுமத்திராவின் பாரூஸில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அது ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தாருடையது. படை ஒருமுறை வந்தது, பிறகு இன்னொருமுறை வந்தது, போனது. குளம் வெட்டியவனும் தராசு பிடித்தவனும் பல நூறு ஆண்டுகள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால் இந்தக் கோயில்களெல்லாம் தமிழன் கட்டியதா? இந்தக் கேள்வியை எங்கே போனாலும் கேட்பார்கள். நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் அடித்தே சொன்னார், "எல்லாம் நம்ம ஆளுங்க கட்டினதுதான் வாத்தியாரே!" அவர் மனசு எனக்குப் புரிகிறது. வந்தேறி என்று ஒரு சொல் காதில் விழுந்து விழுந்து புண்ணாகிப்போன மனசு அது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் குவாரிட்ச் வேல்ஸ் இந்தியர் இங்கே வந்து குடியேறி நாடு அமைத்தார்கள் என்றுதான் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை. இந்த மண்ணின் மக்களே, வணிகத்தால் கைவந்த செல்வத்தைக் கொண்டு, தாங்கள் ஏற்றுக்கொண்ட சமயத்துக்கு, தங்கள் மரத்தையும் கல்லையும் வைத்துக் கட்டினார்கள் என்கிறார்கள். தமிழரும் இருந்தார்கள், வங்காளிகளும் இருந்தார்கள், சீனரும் அரபியரும் வந்தார்கள். நாம் முதலாளி இல்லை. ஆனால் அந்நியரும் இல்லை. பல நூறு ஆண்டு வாடிக்கைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், சில சமயம் சண்டைக்காரர்கள். எனக்கு இது போதும். பெரியவருக்குப் போதவில்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றார்.

மத்தியானச் சாப்பாட்டை மியூசியத்து மரநிழலில் முடித்துக்கொண்டு சுங்கை பத்துவுக்குப் போகலாம். இந்த இடம் தோட்டத்துச் சனங்களாகிய உங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக விளங்கும். ஏனென்றால் இது செம்பனைக் காட்டுக்குள் கிடைத்த ஊர். நம் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்பொருள் ஆய்வாளர்கள், பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் 2007 முதல் இங்கே ஆய்வு செய்தார்கள். செம்பனை வரிசைக்கு நடுவே மேடுமேடாக இருந்தவற்றைத் திறந்தபோது செங்கல் கட்டடங்கள், வட்டமான ஒரு வழிபாட்டு மேடை, படகுத்துறைகள், இரும்பு உருக்கும் உலைகள் எல்லாம் வெளிப்பட்டன. படகுத்துறையா, தண்ணீரே இல்லையே என்று பார்க்காதீர்கள். ஆறு ஒரு காலத்தில் அங்கே ஓடியது. இப்போது தூர்ந்து தரையாகிவிட்டது.

இரும்பு வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குக் கூலியாட்கள் வேண்டும், கைத்திறன் வேண்டும். மலைப்பக்கத்தில் இரும்புத் தாது கிடைத்தது. அதைக் கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் இட்டு, துருத்தியால் காற்று ஊதி உருக்கினார்கள். துருத்திக் காற்று நெருப்புக்குள் போகிற களிமண் குழாய் ஒவ்வொன்றும் சூட்டில் வெந்து வீணாகிவிடும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும். அப்படித் தூக்கிப்போட்ட குழாய்கள் அங்கே குப்பைமேடாகக் குவிந்து கிடக்கின்றன. பக்கத்தில் இரும்புக் கிட்டம். ஆக, கடாரம் என்றால் கப்பல் வந்து போகிற துறை மட்டுமில்லை. ராப்பகலாக உலை எரிந்த பட்டறை. சில அடுக்குகள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கி.மு. காலத்துக்கே போகும் என்றும் ஒரு கணக்கு உண்டு; அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அரசன் பெயர் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அந்தத் துருத்தியை மிதித்தவன் பெயர் எங்கேயும் இல்லை. குழாய் மட்டும் இருக்கிறது.

பொழுது இருந்தால் குருண் பக்கமாகப் போய் மலைமேல் ஏறுங்கள். தார் ரோடு இருக்கிறது. வளைந்து வளைந்து போகும். பிள்ளைகளுக்கு வாந்தி வரும், பிளாஸ்டிக் பை கைவசம் இருக்கட்டும். காட்டுப் பாதையில் இறங்கினால் அட்டை உண்டு. மேலே குளிர்ந்த காற்று. மேகம் விலகுகிற நேரம் பார்த்து நின்றால் ஒருபக்கம் கெடாவின் வயல்கள் பச்சைப் பாய் விரித்த மாதிரி; மறுபக்கம் கடல்; தெற்கே பினாங்குத் தீவு. என் பாட்டி நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி இந்தக் கடல்வழியாகத்தான் பினாங்கு வந்தார். அந்தக் கப்பல் 1926 இல் கட்டியது; 1970 களின் தொடக்கம் வரை ஓடியது. கப்பலில் வந்த கூலிச் சனங்களை நேராக இறக்காமல் முதலில் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைப்பார்கள். சூடாமணி விகாரம் நின்ற ஊரில் கப்பலேறி, கடாரத்து மலையைத் தாண்டி வந்திருக்கிறார் என்று நான் பாட்டியிடம் சொல்லியிருக்கலாம். எனக்கே தெரிந்தபோது பாட்டி இல்லை.

இனி ஒரு கசப்பான சேதி. அந்தச் சூடாமணி விகாரம் என்ன ஆயிற்று? நாகப்பட்டினத்தில் அதன் மிச்சமான ஒரு கோபுரம் நெடுங்காலம் நின்றது. கடலோடிகளுக்கு அடையாளமாகவும் இருந்தது. 1867 இல் சென்னை அரசின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். கடாரத்தான் தமிழ்நாட்டில் கட்டியது அப்படிப் போயிற்று.

கடாரத்திலேயே இருந்தது? 2013 ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11 ஆம் எண் சண்டி தரைமட்டமாகிவிட்டது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தினவர்கள் அதையும் சேர்த்து வழித்துத் தள்ளிவிட்டார்கள். 1200 ஆண்டுப் பழமை என்று பத்திரிகைகள் எழுதின. நாட்டில் 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் தனியார் நிலம். பாதுகாப்பு இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. யாரைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா இனத்தவரும் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். கூச்சல் எழுந்தபோது சண்டி இல்லை.

மண்வாரி ஓட்டியவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அது செங்கல் மேடு. யாராவது முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். ஆகையால் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். மண்ணோடு அதிகம் புழங்குகிறவர்கள் நீங்கள்தாம். காண் வெட்டும்போதோ கன்றுக்குக் குழி எடுக்கும்போதோ, வழக்கத்துக்கு மாறான பெரிய செங்கல், எழுத்துக் கல், மணி, பீங்கான் துண்டு எது தட்டுப்பட்டாலும் அதை எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். எடுத்த கல் வெறும் கல். எடுக்காத கல்தான் சாட்சி. எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். மியூசியத்துக்குப் போன் போடுவது எங்கள் வேலை.

இதை நான் மேடையேறி உபதேசமாகச் சொல்லவில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளி விடுமுறைக்குக் கெடாவில் இருந்த என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வேலை செய்தது அந்த மலைக்குத் தூரமில்லாத ஒரு தோட்டம். பால்மரத்துக்கு நடுவே காண் வெட்டும்போது செங்கல் கிடைத்ததென்று ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தட்டையாக, நம் கடையில் விற்கிற கல்லைவிட அகலமாக இருந்ததாக ஞாபகம். கொஞ்சம் முனியாண்டி கோயில் மேடைக்குப் போயிற்று. மாமா ஒரு காண்டா சுமை கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் அடுப்புக் கட்டினார். அது பழங்காலத்துக் கல்லோ, இல்லை எப்போதோ இடிந்த கிராணி வீட்டுக் கல்லோ, இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அந்த லயமும் இப்போது இல்லை. அத்தை அந்த அடுப்பில்தான் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைக் காலால் உதைத்துக்கொண்டே தின்றேன்.